முதல் சூடு

மாரப்பன் டயரைத் தடவிப் பார்க்கவில்லை. விரலை மடக்கி, தேங்காய் வாங்குகிறவர் போல இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு காதைச் சாய்த்துக் கேட்டார்.

"சத்தமே வரக்காணமே, அம்மிணி."

"இது வராதுங்கய்யா. பக்கம் மெல்லிசு," என்றாள் டயர் கொட்டகையில் வேலை பார்க்கும் பிரகதி.

"பஸ் டயருன்னா ஒரு தட்டுல சொல்லிப்போடுவேன். இது எனக்குப் பாஷை தெரியாத ஊரு. நீயே ஒண்ணு பாத்து எடுத்துக் குடு."

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியின் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அதற்குப் பரிசாக மகள் சுகந்தி ஒரு டிராக் நாள் வாங்கிக் கொடுத்திருந்தாள். கிணத்துக்கடவு தாண்டியிருக்கும் இந்தப் பந்தயத் தடத்தில், வாடகைக் காரில், காலையிலிருந்து மதியம் வரை ஓட்டலாம். அவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தலைக்கவசம் கொடுத்தபோது அதற்குள் கைக்குட்டையை விரித்துப் போட்டுக்கொண்டார்.

டயர் கொட்டகையில் மூன்று வகை இருந்தன. கெட்டி, நடுத்தரம், மெது. மாரப்பன் மெதுவின் மேல் கை வைத்தார்.

"இது நல்லாப் பிடிக்குமில்ல?"

"பிடிக்கும். ஆனா நாலு சுத்துக்கு மேல தாங்காதுங்க. இன்னைக்குத் தரை ஐம்பத்திரண்டு டிகிரி. வெல்லம் மாதிரி இளகிப்போயிரும். உங்களுக்கு நடுத்தரம் போதும்."

"காத்து?"

"இப்ப இருபத்தாறு வைக்கிறேன். ஓடிச் சூடானா முப்பத்திரண்டுக்கு வரும். அதுதான் கணக்கு."

"நாங்க பஸ்ஸுக்கு நூத்திப் பத்து வைப்போம்," என்றார் மாரப்பன், யாரையோ விட்டுக்கொடுக்காதவர் போல.

அவள் டயரின் தோள்பட்டையில், பக்கமும் தரை தொடும் பாகமும் சேரும் வளைவில், சாக்பீஸால் கோடு போட்டாள். ஓடி வந்தபின் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால், டயர் எவ்வளவு சாய்ந்தது என்று தெரியும். மாரப்பன் பக்கத்தில் குனிந்து நின்று அதைப் பார்த்தார். டயரில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"உன்ற பேரு எழுதியிருக்குது."

"முதல் சூடு நான் போட்டதுங்கய்யா."

"அப்படின்னா?"

கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே மாதிரிதான் சொல்வாள். அதிகம் பேச வராது.

"இது பழகு ரப்பருங்க. புது டயர் முதல் தடவை சூடாகறப்ப எப்படி ஓட்டறாங்களோ, அந்தப் பழக்கத்தை எடுத்துக்கும். ஆறு சுத்து ஓட்டணும். அப்புறம் ஒரு முழு நாள் இருட்டு ரூம்ல, கை படாம ஆற விடணும். ஆறும்போது உள்ள படிஞ்சிரும். அதுக்கு மேல யார் ஓட்டினாலும், அந்த மாதிரி ஓட்டினாத்தான் அது நல்லாப் பிடிக்கும். தெரியாதவங்களையும் டயரே சரியான வழிக்குக் கூட்டிட்டுப் போயிரும்."

"கத்துக்கற ரப்பரு."

"ஒரே ஒரு தடவைதான் கத்துக்கும். அப்புறம் மாறாது."

"என்ற மாமியா மாதிரின்னு சொல்லு."

மேசைக்குப் பின்னாலிருந்து திருமூர்த்தி சிரித்தார். கொட்டகையின் பொறுப்பாளர் அவர். "பயப்படாம போங்கய்யா. பிரகதி கைராசி அப்படி. இந்த டிராக்குல எல்லாரும் அவ கை போட்ட டயர்தான் கேப்பாங்க."

அது உண்மைதான். டயர் கம்பெனி கொடுத்த கையேட்டில், முதல் சூட்டை மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று ஒரு வரி உண்டு. ஏன் என்று எழுதவில்லை. முதலில் அப்படித்தான் நடந்தது. ஆல்பர்ட் இருந்தார், ஜெகன் இருந்தான், பிரகதி இருந்தாள். பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் பிரகதி போட்ட டயரில் தன் சுற்று நேரத்தில் இரண்டு நொடி குறைத்தார். அடுத்த வாரம் நான்கு பேர் 'அந்தப் பொண்ணு கை' வேண்டும் என்றார்கள். கடை திறந்ததும் முதல் போணிக்கு இன்னார் வர வேண்டும் என்று காத்திருக்கிற ஊர்தானே. ஆறு மாதத்தில் மற்ற இரண்டு பேருக்கும் வேலையில்லாமல் போனது. ஆல்பர்ட் ஓசூருக்குப் போய்விட்டார். ஜெகன் என்ன செய்கிறான் என்று தெரியாது. இரண்டரை வருடமாகப் பிரகதி மட்டும்தான்.

அவள் மறுத்துச் சொல்லவில்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் வருகைப் பதிவுக்கு மட்டுமே கூப்பிடப்பட்ட பெயர் அவளுடையது. இங்கே யார் யாரோ அந்தப் பெயரைக் கேட்டு வந்தார்கள்.

மாரப்பன் இரண்டு சுற்று பயிற்றுநரோடு போனார். பிறகு தனியாக. முழு வேகம் எடுத்த ஐந்தாவது சுற்றில், நாலாவது வளைவில், சிவப்புக் காரின் பின்பக்கம் மெல்ல விலகியது. அவசரமே இல்லாமல் விலகியது என்றுதான் பிரகதிக்குப் பட்டது. பிறகு புழுதி. பிறகு தடுப்புச் சுவரில் மோதுகிற சத்தம்.

மாரப்பனின் காறை எலும்பும் இடது மணிக்கட்டும் முறிந்திருந்தன.

*

திங்கட்கிழமை திருமூர்த்தி ஒரு தாளை அவள் முன் வைத்தார். டிராக்கின் பாதுகாப்புக் குழு அனுப்பியது. 'முதல் சூடு விதிப்படி நடந்தது, டயரில் குறையில்லை.' கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்," என்றார்.

"குடுத்தா என்ன எழுதுவாங்கண்ணா?"

"ஓட்டுநர் தவறுன்னு. வேற என்ன எழுதறது? நாலாவது வளைவுல காலைத் தளர்த்தணும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. மஞ்சக் கோடு போட்டு வெச்சிருக்குது. அந்த மனுசன் தளர்த்தவே இல்ல. பதிவு இருக்குது, பாரு."

திரையில் காட்டினார். ஒவ்வொரு காரிலும் ஆக்சிலரேட்டரைக் கால் எவ்வளவு அழுத்துகிறது என்று ஒரு கோடு பதிவாகும். மற்ற எல்லார் கோட்டிலும் நாலாவது வளைவில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. மாரப்பனின் கோடு மேசைப் பலகை போல நேராக இருந்தது.

"அவரோட லைசென்ஸ்?"

திருமூர்த்தி திரையை அணைத்தார். டிராக்கில் நடந்தாலும் ஓட்டுநர் தவறு என்றால் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் போகும் என்பது இப்போதைய சட்டம். கனரக உரிமம் ஒரு வருடம் நின்றுவிடும்.

"ஜூன்ல ஒரு ஸ்கூல் வேன் ஓட்டறதா இருந்தாராம். அவங்க புள்ள போன்ல சொல்லி ஒரே சத்தம்," என்றார். "நாம என்ன பண்றது, பிரகதி? டயருல குறை இருந்தாச் சொல்லு."

அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் அந்த நான்கு டயர்களையும் கழற்றி வைத்திருந்தார்கள். ஒரு ரிம் வளைந்திருந்தது. ரப்பருக்கு ஒன்றுமில்லை. சாக்பீஸ் கோடு நியாயமான அளவுக்குத்தான் அழிந்திருந்தது. காற்று சரி. ஓரத்திலும் நடுவிலும் தேய்மானம் சமம். ஒட்டியிருந்த ரப்பர் உருண்டைகளைச் சுரண்டி எடுத்தபின் அது நல்ல டயர், யாருக்கும் கொடுக்கலாம்.

"இதுலயே நான் ஓட்டிப் பாக்கறேண்ணா," என்றாள்.

வேறு ரிம்மில் மாட்டி, செவ்வாய்க்கிழமை காலை ஓட்டினாள். முதல் சுற்று மெதுவாக, டயர் சூடாகும்வரை. பிறகு முழு வேகம். நாலாவது வளைவில் கவனத்தையெல்லாம் இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்பக்கம் நழுவினால் இடுப்புக்குத்தான் முதலில் தெரியும்.

ஒன்றும் தெரியவில்லை. கார் நூல் பிடித்தது போல் திரும்பியது. பத்துச் சுற்றும் அப்படியே. இவ்வளவு நல்ல டயரை நாம்தான் பழக்கினோமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

காரை நிறுத்திவிட்டுக் கை பிரேக் போடாமல் இறங்கினாள். சூடான சக்கரத்தில் பிரேக் போட்டு நிறுத்தினால் ஒரே இடம் வெந்துவிடும். திருமூர்த்தி பேனாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன?"

"நல்லாருக்குண்ணா."

"அப்பக் கையெழுத்துப் போட்டுரு."

பேனாவை வாங்கினாள். மூடியைத் திறந்து மறுபடி மூடினாள். "நாளைக்குப் போடறேண்ணா," என்றாள். பேனாவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

*

அன்று மாலை மருத்துவமனையில் சுகந்தி அவளை வாசலிலேயே நிறுத்தினாள். சூலூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். கழுத்தில் அடையாள அட்டையோடு அப்படியே வந்திருந்தாள்.

"கைராசின்னு சொன்னது உங்களைத்தானா?"

பிரகதி தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

"இருபத்தாறு வருசத்துல ஒரு கோழி மேல ஏத்தினதில்லைங்க எங்கப்பா. என்னாலதான் வந்தாரு. நான்தான் கூட்டியாந்து தள்ளிவிட்டேன்."

"அம்மிணிய உள்ள விடு, சுகு," என்று மாரப்பனின் குரல் வந்தது. "அது என்ன பண்ணுச்சு?"

இடது கை கட்டோடு மார்பில் கிடந்தது. அவருக்கு வலியைவிட வெட்கம்தான் அதிகம் என்று பட்டது. அவளைப் பார்த்ததும் போர்வையைச் சரி செய்துகொண்டார்.

"டயரு கிழிஞ்சிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இல்லீங்கய்யா. நல்லாருக்கு."

"அப்பச் செரி."

பிரகதி கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிறகு பிரகதி கேட்டாள். "நாலாவது வளைவுல காலைத் தளர்த்தச் சொன்னாங்களேங்கய்யா. நீங்க ஏன் தளர்த்தல?"

"வளைவுக்குள்ள போயிட்டா காலை அசைக்கக் கூடாதும்மிணி. போறதுக்கு முன்னாடியே கொறச்சுக்கோணும். உள்ள போயி எடுத்தீன்னா நிக்கிற புள்ளைக எல்லாம் ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சுரும்." கொஞ்சம் யோசித்தார். "அதுல புள்ளைக இல்லதான். ஆனா கால் வரமாட்டேனுருச்சு. ஆமா, அங்க எதுக்குக் காலை எடுக்கோணும்?"

"எல்லாரும் எடுப்பாங்கய்யா."

"அது செரி. எதுக்கு?"

பிரகதி வாயைத் திறந்தாள். மேடு இல்லை. பள்ளம் இல்லை. வளைவு அதற்கு மேல் விரிந்துதான் போகிறது. அவள் இயற்பியல் படித்தவள். வளைவின் நடுவில் காலை எடுத்தால் பாரம் முன்னால் போகும், பின்பக்கம் லேசாகும், எடுக்கக்கூடாது என்று தேர்வில் படம் போட்டு எழுதக்கூடியவள்.

"தெரியலீங்கய்யா," என்றாள்.

*

புதன்கிழமை டிராக்கில் ஒன்பது கார்கள் ஓடின. பிரகதி நாலாவது வளைவின் வேலிக்கு வெளியே போய் நின்றாள். வழக்கமாக அங்கே யாரும் நிற்பதில்லை.

முதல் கார் வந்தது. மஞ்சள் கோட்டுக்கு அருகில் எஞ்சின் சத்தம் ஒரு மூச்சு இறங்கி மறுபடி ஏறியது. இரண்டாவது கார், அதே இடத்தில் அதே மூச்சு. மூன்றாவது. கறுப்புக் கார் ஓட்டுகிற பல் மருத்துவர், மஞ்சள் கார் ஓட்டுகிற சகோதரர்கள், புதிதாக வந்த ஒரு மாணவன். ஒன்பது கார்களும் ஒன்றுமில்லாத இடத்தில் தயங்கின. கோவிலைக் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு போவது போல. அங்கே கோவிலும் இல்லை.

அவள் கொட்டகைக்கு ஓடினாள்.

"அண்ணா, அந்த மஞ்சக் கோடு எப்பப் போட்டீங்க?"

"ரெண்டு வருசம் இருக்கும். ஏன்?"

"யாரு சொல்லி?"

"யாரு சொல்றது? பதிவைப் பாத்தா எல்லாரும் அங்கதான் காலை எடுக்கறாங்க. அதான் முறைன்னு கோடு அடிச்சு, பாடத்துலயும் சேத்தாச்சு."

"பழைய பதிவு இருக்கா? பழகு ரப்பர் வர்றதுக்கு முன்னாடி?"

இருந்தது. திருமூர்த்தி எதையும் அழிக்கிறவர் இல்லை. நான்கு வருடத்துக்கு முந்தைய கோடுகளை அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். நாலாவது வளைவில் எல்லாக் கோடும் மாரப்பனின் கோடு போல நேராக இருந்தது. நூறு பேர், இருநூறு பேர். ஒருவரும் காலை எடுக்கவில்லை.

பிறகு தன் கோட்டைத் தேடினாள். வேலைக்குச் சேர்ந்த மாதம் நேர். அடுத்த மாதம் நேர். அந்த வருடம் மார்ச் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, மூன்றாவது சுற்றில் ஒரு சின்னக் கீறல். நகம் பட்டது போல. மறுவாரம் கீறல் இரண்டு. ஏப்ரலில் எல்லாச் சுற்றிலும். அப்புறம் பல் மருத்துவருக்கு. அப்புறம் சகோதரர்களுக்கு. ஆல்பர்ட் போன பிறகு எல்லாருக்கும்.

திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"தெரியலண்ணா."

"மயிலு கிய்லு குறுக்க வந்திருக்கும். இங்கதான் மேஞ்சுட்டுக் கெடக்குதே."

"வந்திருந்தா ஞாபகம் இருக்கும்."

"பூச்சி கண்ணுல பட்டிருக்கும்."

கைப்பேசியில் அந்தத் தேதியைத் தேடினாள். அன்று அவள் எடுத்த ஒரே படம், டப்பாவில் எலுமிச்சைச் சாதம். அதை ஏன் படம் எடுத்தாள் என்றும் நினைவில்லை. அன்று யாரும் அழைத்துத் திட்டவில்லை. யாரும் சாகவில்லை. அது வெறும் வியாழக்கிழமை.

"ஒரு தடவை பூச்சியாவே இருக்கட்டும்," என்றாள். "அதை டயர் எடுத்துக்கிச்சு. அப்புறம் நான் பழகிப் பாக்கறதும் என் டயர்லதானே? நான் அதுக்குச் சொல்லிக் குடுத்தேன். அது எனக்குத் திரும்பச் சொல்லிக் குடுத்திருக்கு. மறுபடி நான் புதுசுக்கு. அந்த இடத்துல காலை எடுப்பாங்கன்னு ரப்பர் காத்துட்டு இருந்திருக்கு. அவர் எடுக்கல. அது விட்டுருச்சு."

"நேத்து நீயே ஓட்டிட்டு நல்லாருக்குன்னு சொன்ன."

"எனக்கு எப்படிண்ணா தெரியும்? அது என் கைதானே."

திருமூர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஊர் பேர் தெரியாத நிறுத்தத்தில் இறங்கிவிட்டவர் போல இருந்தார்.

"இதெல்லாம் நீயா கோத்துக்கற கதையாவும் இருக்கலாம்," என்றார்.

"இருக்கலாம். அதான் பாத்துரலாம். சாதாரண டயர் போடுங்க. பழகாத ரப்பர். அதுல நான் காலை எடுக்காம ஓட்டிக் காட்டறேன். எடுக்காம ஓட்ட முடிஞ்சா, என்கிட்ட ஒண்ணும் ஒட்டலைன்னு அர்த்தம்."

*

பொள்ளாச்சி சாலையில் ஒரு கடையிலிருந்து நான்கு ரோட்டு டயர்கள் வந்தன. டாக்சிகளுக்கும் மாட்டுகிற சாதாரண டயர். பளபளப்புக்காகக் கடைக்காரன் பூசியிருந்த எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கழுவி எடுத்தாள். அது இருந்தால் ஓரம் வழுக்கும். வியாழக்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடப் போன பிறகு, திருமூர்த்தி பக்கத்து இருக்கையில் ஏறினார். மடியில் திரையை வைத்துக்கொண்டார். இருபது வருடத்தில் அவர் டிராக்குக்குள் காரில் போனது இரண்டு முறைதான்.

"எனக்கு வாந்தி வந்தா நான் பொறுப்பில்ல," என்றார்.

ரோட்டு டயர் கத்தியது. பிடிப்புக் குறைவு, ஆனால் நேர்மையான குறைவு. வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டினாள். மூன்றாவது வளைவைத் தாண்டினாள். வலது காலை மட்டும் நினைத்தாள். பாதத்தை ஒரு கல் என்று நினைத்துக்கொண்டாள். மஞ்சள் கோடு வந்தது, போனது. கால் கல்லாகவே இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடுக்கல," என்றாள் உரக்க.

திருமூர்த்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஐந்து சுற்று ஓட்டினாள். ஐந்திலும் காலை அசைக்கவில்லை. உறுதியாகத் தெரியும். சத்தியம் செய்யலாம்.

காரை நிறுத்தியதும் அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஆறு கோடுகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஆறிலும் ஒரே இடத்தில் ஒரே பள்ளம்.

"நான் எடுக்கலண்ணா."

"ம்."

"நெசமா எடுக்கல. திரை தப்பாக் காட்டுது."

"இருக்கும்மா. ஆனா எனக்குச் சத்தம் கேட்டுச்சு."

அவள் தன் வலது காலைப் பார்த்தாள். ஷூவுக்குள் அது சும்மா இருந்தது. வேறு யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் போல இருந்தது.

வெயில் கண்ணாடியில் அடித்தது. திருமூர்த்தி இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நானூத்திச் சொச்சம் செட்டு வெளிய ஓடிட்டு இருக்குது. நீ எழுதிக் குடுத்தீன்னா அத்தனையும் திரும்ப வாங்கோணும். டிராக்கைக் கொஞ்ச நாளைக்கு மூடிருவாங்க. உனக்கு இந்த வேலை மறுபடி எங்கயும் கெடைக்காது. யோசிச்சுக்க. எழுதாட்டி ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. எல்லாரும் காலை எடுத்துட்டு நல்லாத்தான் போறாங்க. எடுக்காத ஆளு அவர் ஒருத்தர்தான்."

"அவர் சரியாத்தானே ஓட்டினார், அண்ணா."

"அதுக்கு நான் என்ன சொல்றது?"

கொட்டகையில் உட்கார்ந்து அவள் அச்சடித்த வரியை அடித்தாள். கீழே எழுதினாள். 'முதல் சூடு விதிப்படி நடக்கவில்லை. மூன்று பேர் செய்ய வேண்டியதை நான் ஒருத்தி செய்தேன். என் பழக்கம் ஒன்று டயருக்குள் போயிருக்கிறது. அது தவறான பழக்கம். ஓட்டுநர் சரியாக ஓட்டினார். வளைவில் டயர்தான் விட்டது.' எழுத்து கோணலாக வந்தது. கையெழுத்துப் போடும்போது, இது மட்டும் என்னுடையதுதானா என்று ஒரு நொடி பேனா நின்றது.

திருமூர்த்தி தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். கிழிப்பார் என்று நினைத்தாள்.

"எந்த வளைவுன்னு போடு," என்றார். "இல்லாட்டித் திருப்பி அனுப்புவானுக."

அவள் 'நாலாவது' என்று சேர்த்தாள். அதன் கீழே, மூன்று பேர் வேலையை ஒருத்தியிடம் விட்டவர் என்கிற முறையில், அவரும் கையெழுத்துப் போட்டார்.

*

மூன்று வாரம் கழித்துப் பிரகதி மாரப்பனின் வீட்டுக்குப் போனாள். டிராக் மூடியிருந்தது. டயர்கள் லாரி லாரியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு செட்டிலும் அவள் பெயர் எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு அடுக்குவதுதான் இப்போது அவள் வேலை. அதுவும் மாதக் கடைசிவரைதான்.

அறிக்கையின் நகலைக் கொண்டு போயிருந்தாள். சுகந்தி வாசித்தாள். 'பொருள் தவறு. ஓட்டுநர்மேல் குறையில்லை.' இரண்டாவது முறை வரியில் விரலை வைத்து வாசித்தாள். மாரப்பன் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உரிமம்?"

"ஒண்ணும் ஆகாதுங்கய்யா. ஜூன்ல நீங்க வேன் ஓட்டலாம்."

"கேட்டுக்க," என்றார் மகளிடம். "வயசாயிருச்சு, கண்ணு தெரியலைன்னு சொன்னயே."

"நான் எப்பப்பா சொன்னேன்? உங்க தங்கச்சி சொன்னாங்க."

"நீ பக்கத்துல நின்ன."

சுகந்தி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிரகதியைப் பார்த்து, "அன்னைக்கு நான் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள். "உங்களுக்கு வேலை போயிருச்சாமே."

"பரவால்லீங்க."

"சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்," என்றார் மாரப்பன். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் இருந்தது. வலது கையால் காற்றில் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "அம்மிணி, எப்படிப் போனேன்னு உனக்குக் காட்டறேன். அந்தத் திரையில பாத்தா என்ன தெரியும்? நேர்ல பாரு. சுகு, நீயும் பாரு."

"கையை ஆட்டாதீங்கப்பா."

"நல்ல கைதான். இந்தா, ஒண்ணு." உடம்பைச் சாய்த்தார். "ரெண்டு. இது குறுகல், மெதுவாத்தான் போகோணும். மூணுல கொஞ்சம் பிரேக்கு. இப்ப வருது நாலு. முன்னாடியே கொறச்சாச்சு. உள்ள போயாச்சு. காலைப் பாரு. அசையாது."

பிரகதி அவர் காலைப் பார்த்தாள். சிமென்ட் தரையில், ரப்பர் செருப்புக்குள், வலது பாதத்தின் முன்பக்கம் எழும்பியது. ஒரு மூச்சு நேரம். மறுபடி இறங்கியது.

"பாத்தியா?" என்றார் மாரப்பன் பெருமையோடு.

பிரகதி சுகந்தியைப் பார்த்தாள். சுகந்தியும் அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேம்ப்பா," என்றாள் சுகந்தி. "அசையவே இல்ல."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்பாவைத் தேற்றுவதற்காகச் சொன்ன முகமும் அது இல்லை. மாரப்பன் நாற்காலியில் நிமிர்ந்து, பாராட்டுக்காகப் பிரகதியின் பக்கம் திரும்பினார்.

பிரகதி தரையில் உட்கார்ந்தாள். அந்தச் செருப்புக்கு நேராக. எழும்பியது அவர் காலா, தன் கண்ணுக்குள் படிந்துவிட்ட பழக்கமா?

"இன்னொரு தடவை ஓட்டுங்கய்யா," என்றாள்.